ஏரி நாட்டில் வழிநடைப் பாத்தியதை

ஆங்கிலேயரை நாம் அறிந்தது பெரும்பாலும் அவர்கள் ஆளவந்த இடத்தில்தான். கலெக்டராகவும் ஜட்ஜாகவும் வன இலாகா அதிகாரியாகவும் வந்தவர்களை நமது முன்னோர் கண்டார்கள். அதே ஜனங்கள் தங்கள் சொந்த மண்ணில் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், தங்கள் மலைக்கும் ஏரிக்கும் யாரை உடையவராக ஒப்புக்கொள்கின்றனர் என்பதை நாம் அதிகமாக விசாரித்ததில்லை. விசாரிப்பது பயனுள்ளது. சுதந்திரம் என்னும் சொல்லுக்கு அரசியல் சட்டப் புத்தகத்தில் ஓர் அர்த்தம் உண்டு. ஆட்டிடையன் நடக்கும் ஒற்றையடிப் பாதையிலும் ஓர் அர்த்தம் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஏரி நாட்டில் கோடைகாலத்தில் மோட்டார்ப் பிரயாணம் செய்தபோது, இந்த இரண்டாவது அர்த்தமே வழிநெடுக நம் கண்ணுக்குத் தென்பட்டது.

நாடும் நீரும்

வடக்கே செல்லும் பெருஞ்சாலையை விட்டுக் கெண்டால் என்னும் சிற்றூரை நெருங்கும்போதே பூமியின் தோற்றம் மாறுகிறது. சமவெளி மறைந்து, பசும்புல் போர்த்த குன்றுகள் இரு பக்கத்திலும் எழுகின்றன. அங்கிருந்து விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் செல்லும் சாலையே இந்நாட்டின் முதுகெலும்பு. விண்டர்மியரிலிருந்து கெஸ்விக்குக்கு சுமார் 34 கிலோமீட்டர்தான். அவசரக்காரன் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுவான். நாம் அதற்கு மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டோம். ஆனி மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், நாட்கள் நமது கணக்கில் இரண்டு பங்கு நீளமானவை.

ஏரி என்றால் நமக்குத் தோன்றுவது மனிதன் கரை கட்டி, மதகும் கலிங்கும் வைத்து, மழைநீரைத் தேக்கிய நீர்நிலை. அந்நாட்டு ஏரிகளை வெட்டியது மண்வெட்டியன்று, பனிக்கட்டி. முற்காலத்தில் மலைகளை மூடியிருந்த பனியாறுகள் பாறையைக் குடைந்து பள்ளத்தாக்குகளை ஆழமாக்கிச் சென்றன. அப்பள்ளங்களில் நின்ற நீரே இன்றைய ஏரிகள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல அவை நடுமலையிலிருந்து நாலாபக்கமும் நீண்டு கிடக்கின்றன. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர் உயரமுடையது. அதற்கு அருகிலேயே அந்நாட்டின் மிக ஆழமான ஏரியாகிய வாஸ்ட் வாட்டர் 79 மீட்டர் ஆழத்தில் கறுத்துக் கிடக்கிறது. நமது நீலகிரியை அறிந்தவர்களுக்கு 978 மீட்டர் பெரிய உயரமன்று. ஆயினும் மரமின்றி மொட்டையாக நிற்பதாலும், அடிவாரம் கடல்மட்டத்துக்கு வெகு அருகில் இருப்பதாலும், அக்குன்றுகள் தங்கள் அளவுக்கு மீறிய கம்பீரத்துடன் விளங்குகின்றன.

அழகுக்கு விலை மழை. சீத்வெயிட் என்னும் பண்ணைக் கிராமத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, அதன் அருகிலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது; பிரிட்டனில் பதிவான ஒருநாள் மழையில் அதுவே மிக அதிகம். அவ்வெள்ளத்தில் கிராஸ்மியருக்கு வடக்கே இந்தப் பிரதான சாலையே அறுத்துக்கொண்டு போய், 2016 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

சுவரும் கைகாட்டியும்

சாலையின் இருபுறமும், மலைச்சரிவின் உச்சிவரையிலும், சுண்ணாம்போ சேறோ இன்றிக் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சுவரும் "இது என்னுடையது" என்று சொல்கிறது. ஆனால் சிறிது தூரத்துக்கு ஒருமுறை அச்சுவரில் ஒரு படியோ சிறு கதவோ அமைந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு மரக் கைகாட்டி, "பொதுஜன நடைபாதை" என்ற எழுத்துடன், தனியார் வயலின் ஊடே விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் வண்டியை நிறுத்தி அவ்வழியே நடந்தோம். பண்ணைக்காரனின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பண்ணைக்காரனும் எதிரே வந்தான். எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நாளைக்கு மழை வருமென்று மட்டும் சொல்லிப்போனான்.

சட்டம் படித்தவர்களுக்கு இக்கைகாட்டி ஏரியைக் காட்டிலும் சுவாரசியமானது. நிலம் ஒருவனுடையது, நடக்கும் பாத்தியதை எல்லோருடையது. நிலத்தை அவன் விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கலாம். பாதையை மட்டும் மூடமுடியாது. ஒருமுறை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழியே என்பது அவர்களுடைய பழைய சட்டக் கொள்கை. இப்பாத்தியதை எவ்வாறு உண்டாயிற்று? அரசர் கொடுத்த மானியமா? இல்லை. ஜனங்கள் நடந்து நடந்து உண்டாக்கிக்கொண்டது. அதைக் காப்பாற்ற அவர்கள் போராடவும் நேர்ந்தது.

கவிஞரும் ரயிலும்

இந்நாட்டின் புகழை உலகெங்கும் பரப்பியவர் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த். 1770-இல் காக்கர்மவுத்தில் பிறந்து, கிராஸ்மியரிலும் ரைடலிலும் வாழ்ந்து, 1850-இல் காலமானவர். அவர் வசித்த வீடுகள் இன்று யாத்திரை ஸ்தலங்கள். அவர் ஏரி நாட்டுக்கு ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். காணும் கண்ணும் உணரும் உள்ளமும் உடைய ஒவ்வொருவனுக்கும் இந்நாடு ஒருவகைத் தேசியச் சொத்து என்னும் கருத்தை முதலில் வெளியிட்டதும் அந்நூலே.

ஆனால் 1844-இல், கெண்டாலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில்பாதை போடத் திட்டம் பிறந்தபோது, அதே கவிஞர் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதிக் கடுமையாக எதிர்த்தார். பள்ளத்தாக்கின் அமைதி குலையும் என்பது ஒரு காரணம். ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்தால் அவர்களுக்கு இவ்வனப்பை அனுபவிக்கத் தெரியாது என்பது மற்றொரு காரணம். தேசியச் சொத்து என்று முழங்கியவரே, தேசத்தில் யார் யார் சேர்த்தி என்று கணக்குப் பார்க்கலானார். ரயில் 1847-இல் வந்தே தீர்ந்தது. ஆலைத் தொழிலாளரும் வந்தனர். அவர்களுக்கும் கண்ணும் உள்ளமும் இருந்தன. பருத்தி ஆலை ஊராகிய பிளாக்பர்னில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த வெயின்ரைட் என்பவர் இளமையில் இங்கே வந்து மலைகளில் மனத்தைப் பறிகொடுத்தார். பின்னர் கெண்டால் நகரசபையில் பொக்கிஷ அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் 214 குன்றுகளை ஏறி, 1955 முதல் 1966 வரையில் தம் கையெழுத்திலும் கைச்சித்திரத்திலும் ஏழு பாகங்களாக வழிகாட்டி நூல் வெளியிட்டார். மலையேறுவோர் பையில் இன்று இருப்பது பெரும்பாலும் கவிஞரின் வழிகாட்டியன்று; இந்தக் குமாஸ்தாவின் வழிகாட்டிதான்.

கோனிஸ்டன் முனிவர்

ஆம்பிள்சைடிலிருந்து மேற்கே திரும்பினால் கோனிஸ்டன் ஏரி. அதன் கீழ்க்கரையில் பிராண்ட்வுட் என்னும் இல்லம் இருக்கிறது. ஜான் ரஸ்கின் 1872 முதல் 1900-இல் காலமாகும் வரையில் வசித்த வீடு அது. கோனிஸ்டன் கோவில் முற்றத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். நம்மவர் எவரும் இவ்வழியே பேசாமல் போய்விட முடியாது. இங்கே வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அவர் எழுதிய "அண்டு திஸ் லாஸ்ட்" என்ற சிறு நூலைத்தான் 1904-இல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் ரயிலில் காந்தியடிகள் படித்தார். படித்த வேகத்திலேயே தம் வாழ்க்கையை மாற்றிக்கொண்டு, அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் பண்ணையை ஸ்தாபித்தார். 1908-இல் அந்நூலின் சாரத்தை "சர்வோதயம்" என்ற பெயரில் குஜராத்தியில் வெளியிட்டார். செல்வம் என்பது உயிர்தான், கடையனுக்கும் தலையாயவனுக்கும் சமமான பங்கு என்னும் உபதேசம் ஓர் ஆங்கிலேயரிடமிருந்து நம் தலைவருக்கு வந்தது. அதே ஆங்கிலேயர் தம் முதுமையில், நகரத்தாரின் பணபலம் இம்மலைநாட்டை விழுங்குவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அவர் எதிர்த்தவற்றுள் முக்கியமானது தர்ல்மியர் விவகாரம்.

இரண்டு சட்டங்கள்

கிராஸ்மியரிலிருந்து டன்மெயில் மேட்டைக் கடந்து இறங்கினால் இடதுபுறத்தில் தர்ல்மியர் தோன்றும். பார்வைக்கு மற்ற ஏரிகளைப் போலவே இருக்கும். ஆனால் இது அணைகட்டி உயர்த்திய நீர். நமது நெசவாளரின் தறிகளை ஓயச்செய்த மான்செஸ்டர் நகரத்துக்குக் குடிதண்ணீர் போதவில்லை. அந்நகரசபை 1870-களில் இவ்வேரியின்மேல் கண்வைத்தது. எதிர்ப்புச் சங்கம் கிளம்பியது. இரு கட்சியிலும் நியாயம் இருந்தது என்பதை மறுக்கலாகாது. புகை மண்டிய சந்துகளில் வாழ்ந்த தொழிலாளரின் குழந்தைக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டாமா? ஆயினும், விலைக்கு வாங்கிவிட்டால் ஒரு நகரம் மலையையே அடைத்துக்கொள்ளலாமா? பார்லிமெண்டு 1879-இல் திட்டத்துக்கு அனுமதி தந்தது. நீர்மட்டம் சுமார் 15 மீட்டர் உயர்ந்தது. கரையோரச் சிற்றூர்கள் மூழ்கின. 1894-இல் தண்ணீர் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மான்செஸ்டர் சேர்ந்தது.

அனுமதி தந்த அச்சட்டத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. ஏரியைச் சூழ்ந்த மலைகளில் அதுகாறும் பொதுஜனங்களும் யாத்திரிகர்களும் உள்ளபடியே அனுபவித்துவந்த நடமாட்டத்தை நகரசபை எவ்விதத்திலும் தடுக்கலாகாது என்பதே அது. பத்திரம் கேட்கவில்லை, பதிவு கேட்கவில்லை, அனுபோகம் ஒன்றே போதுமென்று பார்லிமெண்டு கூறிற்று. கரையோரத்தில் நகரசபை ஊசியிலை மரங்களை நட்டு ஜனங்களை நெடுங்காலம் நீரண்டை விடாதிருந்தது உண்மையே. ஆனால் மலைமேல் கைவைக்க அதற்கு அதிகாரமில்லை.

இதற்கு ஓராண்டு முன்னர், 1878-இல், இந்திய வனச் சட்டம் பிறந்தது. அதன் போக்கு யாது? ஒரு காட்டை ரிசர்வ் செய்யப்போவதாக சர்க்கார் அறிவிப்பு வெளியிடும். மேய்ச்சல், விறகு, வழிநடை, நீர் ஆகிய பாத்தியதையுடைய கிராமத்தான் குறித்த கெடுவுக்குள் அதிகாரிமுன் வந்து அதை ரூபித்தாக வேண்டும். வராதவனுடைய உரிமை அற்றுப்போகும். எழுதப்படிக்க அறியாத மலைவாசிக்குக் கெடுவாவது, அறிவிப்பாவது! தலைமுறை தலைமுறையாக நடந்த பாதையில் மறுநாள் நடந்தால் அவன் குற்றவாளி. சென்னை ராஜதானியில் கிராமத்தாருக்கு உரிமையில்லாத காடே அரிது என்று 1871-இல் சென்னை ரெவின்யூ போர்டாரே எடுத்துக்காட்டியிருந்தனர். ஆயினும் 1882-இல் சென்னை வனச் சட்டமும் அதே வழியில் அமைந்தது. உள்ளூர் ஏழையின் அனுபோகத்தைப் பணக்கார நகரசபைக்கு எதிராகக் காத்த ஆட்சி, நமது ஏழையின் அனுபோகத்தை ஒரு கெஜட் தாளால் அழித்தது. வித்தியாசம் சட்ட ஞானத்தில் இல்லை. அங்கே சட்டம் செய்தவர்கள் ஜனங்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது, இங்கே வேண்டியதில்லை.

லாட்ரிக் யாத்திரை

இதனால் ஆங்கிலேயருக்கு எல்லாம் தாமாகவே கிடைத்தன என்று எண்ணிவிடலாகாது. கெஸ்விக் நகரை அடைந்ததும் வடக்கே உருண்டை வடிவான ஒரு சிறு குன்று தெரியும். லாட்ரிக் என்பது அதன் பெயர். ஊரார் காலங்காலமாக ஏறிவந்த பாதையை நில உடையவர்கள் 1880-களில் அடைத்துவிட்டார்கள். பாதைப் பாதுகாப்புச் சங்கத்தார் மனு செய்து பார்த்தனர், பயனில்லை. 1887 அக்டோபர் மாதத்தில் ஏறத்தாழ 2,000 பேர் திரண்டு, தடைகளை மீறி, குன்றின் உச்சிவரையில் நடந்தார்கள். கப்பல் மாலுமிகளின் உயிரைக் காக்கச் சட்டம் கொண்டுவந்த சாமுவேல் பிளிம்சால் அவர்களுடன் நடந்தார். வழக்கு கார்லைல் நீதிமன்றத்துக்குப் போய், 1888-இல் சமரசமாக முடிந்தது; உச்சிக்குச் செல்லும் பாதை ஜனங்களுக்குக் கிடைத்தது. நாமும் அப்பாதையில் ஏறினோம். வயோதிகர் ஒருவர் கோலூன்றி முன்னே சென்றார்; குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு தாய் பின்னே வந்தாள். தாங்கள் நடப்பது வழக்காடி மீட்ட மண் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். நினைக்க அவசியமில்லாதபடி உரிமை வேரூன்றியிருப்பதே வெற்றி.

அக்கிளர்ச்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் கெஸ்விக் பாதிரியார் ரான்ஸ்லி. தர்ல்மியர் தந்த பாடம் அவர் மனத்தில் இருந்தது: நிலம் விலைக்கு வரும்போது ஜனங்களுக்காக வாங்கிவைக்க ஒரு தர்மகர்த்தா இல்லாவிட்டால், கூச்சலிட்டுப் பயனில்லை. ஏழைகளின் குடியிருப்புக்காக உழைத்த ஆக்டேவியா ஹில் அம்மையாருடனும், வக்கீல் ராபர்ட் ஹண்டருடனும் சேர்ந்து, அவர் 1895-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் தேசிய தர்மகர்த்த ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 1902-இல் டெர்வென்ட் வாட்டர் ஏரிக்கரையில் பிராண்டல்ஹௌ என்னும் காடு விலைக்கு வந்தது. விலை 6,500 பவுன். பொதுஜன நன்கொடை திரட்டி அதை வாங்கினார்கள். ஏரி நாட்டில் அந்த ஸ்தாபனம் வாங்கிய முதல் நிலம் அதுவே. இன்று தேசியப் பூங்காவின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் பராமரிப்பில் இருக்கிறது. குழந்தைக் கதைகளால் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1943-இல் காலமானபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை நிலங்களை அதற்கே எழுதிவைத்தார். முதல் மகா யுத்தத்தில் மாண்ட அப்பகுதி வீரர்களின் நினைவாக ஸ்காஃபெல் பைக் சிகரம் 1919-இல் தேசத்துக்கு அளிக்கப்பட்டது. மாண்டவர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம், யாரும் ஏறக்கூடிய ஒரு மலை.

1932-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது: இருபதாண்டுகள் தடையின்றி ஜனங்கள் நடந்திருந்தால் அது பொதுவழி என்று கொள்ளப்படும். அதே ஆண்டு ஏப்ரலில், தெற்கேயுள்ள கிண்டர் ஸ்கௌட் மலையில், ஆலை நகரங்களின் இளைஞர்கள் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். நம் நாட்டில் சட்டமறுப்பு இயக்கத்தில் பல்லாயிரவர் சிறையில் இருந்த ஆண்டு அது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் ஏரி நாடு தேசியப் பூங்காவாயிற்று. 2000-ஆம் ஆண்டின் சட்டம் மலைகளிலும் திறந்த மேட்டுநிலங்களிலும் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்தது. 2017-இல் யுனெஸ்கோவும் இந்நாட்டை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்றது.

முடியாத வழக்கு

ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை. நடக்கும் உரிமை இங்கிலாந்தில் இன்றும் நிலப்பரப்பின் சுமார் 8 சதவிகிதத்தில்தான் அவ்வாறு விரிவாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஏரி நாட்டுக்கு வருகின்றனர். அவர்களுடைய மோட்டார்கள் குறுகிய சந்துகளை அடைத்து நிற்கின்றன. அவற்றுள் நமது வண்டியும் ஒன்று. வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவிப்பதால், அவ்வூர்ப் பண்ணையாளின் மகனுக்குக் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாகிறது. நகரசபையிடமிருந்த தர்ல்மியர், 1989-இல் தண்ணீர் ஸ்தாபனங்கள் தனியாருக்கு விற்கப்பட்டபோது கம்பெனியின் கைக்குப் போயிற்று. கோடையில் விண்டர்மியர் நீரில் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. கழிவுநீர் கலப்பதை நிறுத்தக்கோரி ஊரார் கிளர்ச்சி செய்துவருகின்றனர். ரான்ஸ்லி பாதிரியாரின் வேலை இன்றும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது.

நமக்கு இதில் பாடம் என்ன? 1878-இன் அநீதிக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் நமது பார்லிமெண்டு பரிகாரம் தேடிற்று. காடுவாழ் மக்களுக்குச் சரித்திரம் இழைத்த அநியாயம் என்று அச்சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொள்கிறது. மேய்ச்சலும், சிறு வனப்பொருளும், நீர்நிலையும் சமுதாய உரிமையாகப் பதிவாகலாம். அதற்கு கிராமசபை கூடித் தீர்மானிக்க வேண்டும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கிராமசபையைக் கூட்டுவதும், எல்லையை நடந்து குறிப்பதும், மனுவை எழுதுவதும், நிராகரித்தால் மேல்முறையீடு செய்வதும் தேசத் தொண்டர்களின் வேலை. இவ்வேலையில் மேடையில்லை, மாலையில்லை. கெஸ்விக்கில் குன்றேறிய இரண்டாயிரம் பேருக்கும் மாலை விழவில்லை.

நம்மை ஆண்டவர்களிடமிருந்து நாம் பார்லிமெண்டு முறையைக் கற்றோம், கோர்ட்டு நடைமுறையைக் கற்றோம். அவர்களுடைய சாமானிய ஜனங்களிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று மீதியிருக்கிறது: அடைத்த வேலியைக் கண்டால் அன்றைக்கே கேள்வி கேட்பது. இருபதாண்டு நடந்தால் பாதை பொதுவாகும் என்றால், இருபதாண்டு பேசாதிருந்தால் வேலி சாசுவதமாகும் என்பதையும் உணர வேண்டும். நமது ஊர் மந்தைவெளியையும் ஏரிக்கரையையும் மலைப்பாதையையும் ஒருமுறை கால்நடையாகச் சுற்றிவந்து, எங்கே வேலி புதிதாக நிற்கிறது என்று குறித்துக்கொள்வோமாக.